ஒன்றாம் நம்பர் பிள்ளை

“நீ ஒரு மாசம் முன்னாடி போய்ப் பதிஞ்சிருந்தா நம்ம பிள்ளைதான் இன்னைக்கு ஒண்ணாம் நம்பர்! வீட்டுல உக்காந்து என்னத்தைக் கிழிச்சே?”

மூன்றாம் மாடி ஆண்ட்ரூவின் குரல், பர்மாவில் எங்கள் போட்டாதாங் வட்டாரத்தின் படகுத்துறை வரைக்கும் போயிருக்கும்.

காலை ஒன்பதுக்கே மின்சாரம் போயிருந்தது. விசிறிச் சத்தம் இல்லாததால் ஒரு சொல்லும் வீணாகவில்லை.

நான் இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். உரித்து முடித்து அரைமணி நேரம் ஆகியிருந்தது, அது வேறு விஷயம்.

சண்டை அந்த ஜப்பான் பாலர் பள்ளியைப் பற்றியது. உள்ளே போன பிள்ளை சாயங்காலம் வெளியே வரும்வரை ஜப்பான் மொழியைத் தவிர வேறு எதுவும் பேசக் கூடாதாம். பசித்தாலும் ஜப்பான் மொழியில்தான் பசிக்க வேண்டும்.

காத்திருப்போர் பட்டியலில் எழுபது பிள்ளைகள். நான்கு வயது முடிந்துவிட்டால் சேர்க்க மாட்டார்கள். ஆண்ட்ரூவின் மகள் எஸ்தருக்கு அடுத்த மாதம் நான்கு முடிகிறது.

அன்று காலை கைபேசியில், பள்ளியின் வைபர் குழுவில் பட்டியல் வந்தது. ஒரே ஓர் இடம் காலி. எஸ்தர் இரண்டாம் நம்பர்.

ஒன்றாம் நம்பர், மே மியா தூ என்று யாரோ ஒரு பர்மியப் பிள்ளை.

போன வருஷம் இந்தப் பள்ளியைப் பற்றி அவன் மனைவி புஷ்பா முதலில் சொன்னபோது, “தமிழே தகராறு, இதுல ஜப்பான் வேறயா?” என்று கட்டடமே கேட்கச் சிரித்தவன் இதே ஆண்ட்ரூதான். பிறகு அவன் அலுவலகத்தில் மேலதிகாரியின் பேரனுக்கு அங்கே இடம் கிடைத்தது. மறுநாளே ஓடிப்போய்ப் பதிந்துவிட்டு, யோசனையே தன்னுடையது என்பதுபோலத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

இப்போது அவன் படியில் தடதடவென்று இறங்கி வந்தான்.

“பல்கீஸ் அக்கா! அதுவும் போட்டாதாங் பிள்ளைதானாம். யார் வீட்டுக் குட்டி? உங்களுக்குத் தெரியாத வீடா?”

எனக்கு வெட்கமாகிவிட்டது. நாலு தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு, அதில் உப்புக் கூடவா குறைவா என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். இந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை.

“தெரியலையே தம்பி,” என்றேன். வாழ்க்கையில் அப்படிச் சொல்ல நேர்ந்தது அதுதான் முதல் தடவை.

“நேரா பள்ளிக்கூடத்துக்கே போறேன். அந்த அம்மா யாருன்னு பார்த்து நாலு கேள்வி கேக்காம வரமாட்டேன்!”

புஷ்பா மேலே வாசற்படியில் உட்கார்ந்து மகளின் கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிக்கொண்டிருந்தாள்.

அவள் கைபேசி அடித்தது.

சாந்துக் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். பர்மிய மொழியில், நிதானமாக, படிக்கட்டு முழுவதும் கேட்கும்படி பேசினாள்.

“ஆமா சயாமா, மே மியா தூவோட அம்மாதான். நாளைக்கே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டு வர்றேன்.”

என் மடியிலிருந்து ஒரு பூண்டு உருண்டு கீழே போனது.

அங்கே எல்லாத் தமிழ் வீட்டிலும் பிள்ளைகளுக்கு வெளியே சொல்ல ஒரு பர்மியப் பெயர் இருக்கும். எஸ்தருக்கு மட்டும் கிடையாது. பக்கத்து வட்டாரமான தாகேதாவிலிருந்து வாக்கப்பட்டு வந்த புஷ்பா, பர்மிய வழக்கப்படி, வியாழக்கிழமை பிறந்தவளுக்கு ஏற்ற எழுத்தில் ஒரு பெயர் வைக்கலாம் என்று கேட்டபோது, ஞானஸ்நானப் பெயர் போதும் என்று ஆண்ட்ரூ அடித்துச் சொல்லிவிட்டான்.

அவன் பள்ளியைக் கேட்டுச் சிரித்த மறுநாளே, அவள் தான் நினைத்து வைத்திருந்த அந்தப் பர்மியப் பெயரில் போய்ப் பதிந்திருக்கிறாள்.

“அந்த அம்மாகிட்ட நாலு கேள்வி கேக்கணும்னீங்களே,” என்றாள் புஷ்பா. “கேளுங்க.”

ஆண்ட்ரூ மேலே ஏறிப் போய் மகளின் முன் குந்தினான்.

“மே மியா தூ,” என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தான்.

“என்ன டாடி?” என்றது பிள்ளை. நாள்தோறும் கேட்டுப் பழகிய பெயர்போல.

அவன் சிரித்த சிரிப்பில் நாலாம் மாடிக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, “எங்க வீட்டுப் பிள்ளைதான் ஒண்ணாம் நம்பர்!” என்று அவர்களிடமும் சொன்னான்.

நான்தான் நிதானம் இழக்கவில்லை.

“தம்பி, ஒரே பிள்ளை ரெண்டு பேர்ல இருக்கறது தெரிஞ்சா ரெண்டு பேரையும் பட்டியல்ல அடிச்சிடுவாங்க. இப்பவே போய் எஸ்தர் பேரை எடுத்துடு.”

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. “கூடப் பிறந்தவங்ககூட இவ்வளவு நினைக்க மாட்டாங்க அக்கா,” என்றான். அன்றே போய்ப் பெயரை எடுத்துவிட்டும் வந்தான்.

அடுத்த வாரம் இன்னோர் இடம் காலியானது. இரண்டாம் நம்பர் இல்லாததால் மூன்றாம் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

என் மகன் கமாலைத்தான்.

ஆண்ட்ரூ தெருவெல்லாம் பெருமையடித்த மறுநாளே நானும் பதிந்திருந்தேன். பட்டியலில் இருந்தது கமாலின் பர்மியப் பெயர். அது யார் என்று என்னை யாரும் கேட்கவில்லை.

பள்ளி வாசலில் எங்களைப் பார்த்த புஷ்பா “பூண்டு எல்லாம் உரிச்சாச்சா அக்கா?” என்றாள்.

பெற்றோருக்கான சனிக்கிழமை ஜப்பான் மொழி வகுப்பில் அவள்தான் முதலாவது. இரண்டு வருஷத்தில் ஜப்பானின் நகோயாவில் வேலை வாங்கிக்கொண்டு கணவனையும் மகளையும் கூட்டிப் போய்விட்டாள். தெருவே திரண்டு வழியனுப்பியதாம்.

நான் பார்க்கவில்லை. நாங்கள் அதற்கு முந்தின மாதமே, அதே வகுப்பின் புண்ணியத்தில், ஒசாகாவுக்குக் கிளம்பி வந்துவிட்டோம். கட்டடத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை. அங்கே யார் வாயும் சும்மா இருக்காது.