பதினேழாம் லாட்

தங்கசாமி மிதப்புச் சோதனைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தையும் பார்த்துவிட்டு மூடி வைத்தார்.

எதிரே நின்ற ஜாஸ்லினுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

உச்சிப்புளிக்குப் பக்கத்திலுள்ள அந்தக் கம்பெனியில் மீனவர்களுக்கான லைஃப் ஜாக்கெட் தைக்கிறார்கள். ஜாஸ்லின் அங்கே தரம் பார்க்கும் அதிகாரி. தங்கச்சிமடத்துப் பெண்; ஆறு வருஷமாக இங்கேதான் வேலை. இந்த மாதக் கடைசியோடு கம்பெனியின் தரச் சான்றிதழ் முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமென்றால் வெளியிலிருந்து ஒரு ஆடிட்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மதுரையிலிருந்து தங்கசாமி வந்திருந்தது அதற்குத்தான்.

அவரைத் தேர்ந்தெடுத்தவளே ஜாஸ்லின்தான்.

இரண்டு இடத்திலிருந்து கொட்டேஷன் வந்திருந்தது. ஒன்று, போன மூன்று வருஷமும் வந்துபோன கீழக்கரை சுஐபு. இரண்டு நாள் இருப்பேன், ஸ்டோரில் நானே கைவிட்டு ஐந்து ஜாக்கெட் எடுப்பேன், ஒரு நாள் முழுக்க ஊறவைத்து என் கண்முன்னால் அளக்க வேண்டும் என்று வழக்கம்போல எழுதியிருந்தார். மற்றது தங்கசாமி. அரை நாள் வேலை. பதிவேடுகளைப் பார்ப்பார், சந்தேகம் வந்தால் மட்டும் தொட்டிச் சோதனை.

முதலாளி யோகேஸ்வரன் இரண்டையும் அவள் பக்கம் தள்ளினார். "இதெல்லாம் உனக்குத்தாம்மா தெரியும். நீயே பாத்துச் சொல்லு."

தங்கசாமியின் பெயருக்கு நேரே டிக் அடித்தாள். காரணம் என்ற கட்டத்தில் 'உற்பத்தி நிற்காது' என்று எழுதினாள். சுஐபுக்கு அவளே போன் செய்து, முதலாளி வேறு ஆளைப் பேசிவிட்டார் என்று சொன்னாள். அவர், சரிம்மா, நல்லா இருங்க என்று வைத்துவிட்டார்.

யாரும் அவளை மிரட்டவில்லை. முதலாளிக்கு விஷயமே தெரியாது.

பிப்ரவரியில் பதினேழாம் லாட் ஃபோம் வந்து இறங்கியது. ஜாக்கெட்டுக்குள் வைத்துத் தைக்கும் அந்த ஃபோம்தான் ஆளைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடிக்கும். எந்த லாட் வந்தாலும் ஒரு துண்டை ஒரு நாள் ஊறவைத்து, மிதப்பு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்த பிறகுதான் தைக்க விட வேண்டும். நூற்றுக்கு ஐந்து வரை குறையலாம்.

அன்றைக்குப் பழைய ஃபோம் தீர்ந்து தையல் ஹாலில் பெண்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஃபோம் வந்தாச்சா, வந்தாச்சா என்று நிமிஷத்துக்கு ஒருத்தி வந்து நின்றாள். ஜாஸ்லின் ஊறவைக்காமலே, பதினாறாம் லாட்டுக்கு வந்த அளவையே கொஞ்சம் முன்னே பின்னே மாற்றிப் பதினேழுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

அதே ஆள் அனுப்புகிற அதே ஃபோம்தானே.

மனசு கேட்காமல் பத்து நாள் கழித்து ஒரு துண்டை ஊறவைத்தாள். நூற்றுக்குப் பதினெட்டு குறைந்திருந்தது.

தராசில்தான் ஏதோ கோளாறு என்று இன்னொரு துண்டை ஊறவைத்தாள். பத்தொன்பது.

மீதமிருந்த ரோல்களை, நிறம் சரியில்லை என்று சாக்குச் சொல்லி ஓரமாக அடுக்கச் செய்தாள். புது அளவைப் பதிவேட்டில் ஏற்றவில்லை. ஏற்றினால் பிப்ரவரியில் போட்ட கையெழுத்து பொய்யென்று ஆகிவிடும். நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றே ஐந்து வாரம் ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனாள். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றுவிட்டு, தன் முறை வருவதற்குள் விலகி வந்துவிட்டாள்.

தங்கசாமி பேனாவைத் திறந்தார்.

"என்னடா இவரு தொட்டிப் பக்கமே போகலைன்னு நெனைக்காதீங்கம்மா. நேத்து சுஐபு பாய்ட்ட பேசுனேன். அந்தப் பிள்ள எழுதுன நம்பர மூணு வருசமா நானும் அளந்து பாத்துட்டேன், ஒரு தடவகூட மாறுனதில்ல, கண்ண மூடிட்டுப் போடலாம்னாரு. அவரு வாயில இருந்து அப்பிடி வாரது பெரிய விசயம்."



அசட்டையான ஆளாகப் பார்த்துத் தேடிப் பிடித்துவிட்டோம் என்றுதான் ஜாஸ்லின் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அவர் அப்படிப்பட்ட ஆளில்லை. அவளை நம்பி உட்கார்ந்திருந்தார். அந்த நம்பிக்கையையும், யாரை வேண்டாமென்று பொய் சொல்லித் தள்ளினாளோ அவரே கொடுத்தனுப்பியிருந்தார்.

பேனா முனை தாளைத் தொட்டது.

"சார்," என்றாள். "நாளைக்கு வரைக்கும் இருக்க முடியுமா? தொட்டில தண்ணி நெறைக்கச் சொல்றேன்."

தங்கசாமி நிமிர்ந்து அவள் முகத்தையே பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"எந்த லாட்டு?"

"பதினேழு."

"அதுல எத்தன வெளிய போயிருக்கு?"

அதற்கு அவள் எந்தப் பதிவேட்டையும் புரட்ட வேண்டியிருக்கவில்லை.

"நாப்பத்திரண்டு, சார். எல்லாம் பாம்பன் போட்டுகளுக்கு. இன்னைக்கு விடியக்காலம் மீன்துறை ஆபீஸ்ல டோக்கன் வாங்கிட்டுக் கடலுக்குப் போயிருக்காக."