பட்டாளத்து லாரியில் என்ன லோடு?

இது ஆற்றில் இறங்கப் போகிற வண்டி என்று ரெங்கசாமிக்குப் பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்துவிட்டது. திருவிடைமருதூர் போகிற சாலையில் அன்சார் பாயின் பட்டறை. அதற்குள் ஏலத்தில் எடுத்த பழைய பட்டாளத்து டீசல் லாரி ஒன்று புதுப் பெரிய சக்கரங்களோடு நின்றது. பானெட்டின் பக்கத்திலிருந்து ஒரு குழாய் கூரைக்கு மேல் வரை ஏறியிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் போனாலும் இன்ஜினுக்குள் தண்ணீர் புகாமல் இருக்க வைக்கிற குழாய் அது.

நெல் மூட்டை ஏற்றுகிறவனுக்கு அந்தக் குழாய் எதற்கு? கொள்ளிடத்து மணலுக்குத்தான் எவனோ நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். ஆறு என்றால் ரெங்கசாமிக்கு உயிர். அதில் வேறொருத்தன் கை வைப்பதை நினைத்தாலே அவருக்கு வயிறு எரிந்தது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். டிராக்டர் புகை தள்ளுகிறது, ஒரு நாள் வந்து பார்க்க வேண்டும் என்று ஒரு சாக்கைச் சொல்லிவிட்டு, லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அன்சார் எதையும் ஒளிக்கவில்லை. இன்ஜினைப் பிரித்து வேலை பார்த்து டர்போ மாட்டியாயிற்று, பவர் ஸ்டீயரிங் வைத்தாயிற்று என்று பெருமையாகவே சொன்னார். முன்னால் இரும்புக் கயிறு சுற்றிய வின்ச் ஒன்றும் புதிதாக இருந்தது.

"இது எதுக்கு பாய்?"

"மணல்ல மாட்டிக்கிட்ட லாரிய வெளிய இழுக்கணும்லண்ணே."

மணல் என்ற சொல்லே வந்துவிட்டது. ரெங்கசாமி இன்னும் கிட்டே போனார். என்ன லோடு ஏற்றப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு மட்டும் அன்சார் சிரித்து மழுப்பினார். லோடு வந்தால் நீங்களே பார்ப்பீர்கள் என்று சொல்லிவிட்டு ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஓட்டுநர் இருக்கையில் சுடிதார் போட்ட இளம்பெண் ஒருத்தி உட்கார்ந்து கிளட்ச்சை மிதித்து மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் என்று ரெங்கசாமி கண்ணாலேயே கேட்டார். சுடர்விழி மேடம் என்றும், வண்டி இனி அவர்கள் பொறுப்பில்தான் ஓடும் என்றும் அன்சார் சொன்னார்.

ரெங்கசாமி மனதுக்குள் சிரித்துக்கொண்டார். பெண்பிள்ளை பேரில் வண்டியை வாங்கிவிட்டுப் பின்னால் நின்று தொழில் பண்ணுகிற வித்தை அவருக்குத் தெரியாததா? அவருடைய இரண்டு லாரிகளும் மனைவி பிரகதாம்பாள் பேரில்தான் ஆற்றுக்குப் போய்வருகின்றன. மாட்டினால் அது அந்த அம்மாள் பாடு. இவளும் எவனோ ஒருத்தனுடைய பிரகதாம்பாள்தான் என்று முடிவுகட்டினார்.

ஆனால் பயமும் கூடவே வந்தது. வயலையெல்லாம் குத்தகைக்கு விட்டுவிட்டு கொள்ளிடக் கரையில் மணல் அள்ளுகிற மூங்கில்தோப்புத் துறையை நம்பித்தான் அவர் பிழைப்பு ஓடுகிறது. அது கைவிட்டுப் போனால் நடுத்தெருதான்.

லாரியின் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தார். இரண்டு பக்கமும் இரும்பு பெஞ்சு, சுற்றிலும் கம்பி வலை. மணல் அள்ளுகிற ஆட்களை ஏற்றிப்போக இது, மணலுக்குத் தனியாக லாரிகள் வரும் என்று கணக்குப் போட்டார். ஒரு படையே வரப்போகிறது. இந்தக் கவலையிலும் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"என்ன பாய், தாழ்ப்பாள வெளிப்பக்கமா வச்சிருக்கீங்க? உள்ள இருக்கறவன் எப்படித் திறப்பான்?"

"மேடம் அப்படித்தாண்ணே கேட்டாங்க."

தொழில் தெரியாத கூட்டம் என்று நினைத்ததும் ரெங்கசாமிக்குத் தைரியம் வந்தது. இவ்வளவு பெரிய வண்டியோடு மல்லுக்கு நிற்பதைவிடக் கூட்டுச் சேர்ந்துகொள்வது மேல். நேராக அந்தப் பெண்ணிடம் போனார்.

"தங்கச்சி, சுத்தி வளைக்காம பேசுவோம். ஆத்துல இறங்கத்தானே இந்த வண்டி?"

"ஆமாங்க."

"அப்ப ஒண்ணு தெரிஞ்சுக்க. மூங்கில்தோப்புத் துறை என்னோடது. என்னைக் கேக்காம அங்கேருந்து ஒரு சட்டி மணல் வெளிய போவாது."

அவள் உடனே இறங்கி வந்தாள். நாங்கள் இந்தப் பக்கத்துக்குப் புதுசு, நீங்கள்தான் வழி சொல்ல வேண்டும் என்று பணிவாகக் கேட்டாள். அந்த மரியாதையில் ரெங்கசாமி குளிர்ந்து போனார். எந்தப் பக்கம் இறங்குவது, கரையில் யார் காவல் நிற்பது என்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொடுத்தார். போலீஸ் தொந்தரவு இருக்காதா என்று அவள் கேட்டபோது வாய்விட்டே சிரித்துவிட்டார்.

"அவங்க ஜீப்பு பாதி மணல்லயே புதைஞ்சுடும் தங்கச்சி. இந்தா, இப்பக்கூட என் லாரி ரெண்டும் பட்டப்பகல்ல அங்கதான் நிக்குது."

அவள் தலையாட்டிக்கொண்டாள். பிறகு, பெஞ்சு உயரம் சரியாக இருக்கிறதா, கொஞ்சம் ஏறி உட்கார்ந்து பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். யோசனை கேட்டு வந்தவர்களை ரெங்கசாமி வெறுங்கையோடு அனுப்பியதே இல்லை. வேட்டியை ஒதுக்கிக்கொண்டு ஏறி, சாய்ந்து உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் அகலம் வேண்டும் என்று குரல் கொடுத்தார். கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

எழுந்து வந்து கதவைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

"பாத்தியா தங்கச்சி, நான் சொன்னேன்ல? உள்ளேருந்து திறக்க முடியல பாரு."

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவள் போனைக் காதில் வைத்திருந்தாள்.

"ஏட்டய்யா, ஸ்டேஷன் கதவைத் திறந்து வைங்க. முதல் லோடு வருது."