தோளில் இறங்கியவர்

பெரிய வெள்ளியன்று சிலுவையிலிருந்து ஆண்டவரின் மரச் சுரூபத்தை இறக்கித் தோளில் வாங்குவது சந்தியாகுவின் குடும்பத்து உரிமை. கல்யாண முருங்கையில் செய்த உடம்பு, கைக்குழந்தை கனம்கூட இருக்காது. இந்த வருடம், ஏணியில் நின்ற மைத்துனன் கஸ்பார் கடைசி ஆணியைப் பிடுங்கியதும் தோளில் இறங்கிய கனத்தில் சந்தியாகுவின் முழங்கால் மடங்கியது. கடலில் மூழ்கியவர்களைத் தூக்கிக் கரைசேர்த்தவன் அவன். செத்த ஆளின் கனம் அவன் தோளுக்குத் தெரியும். இது அதே கனம். கைகளுக்கு மட்டுமே மூட்டு வைத்த சுரூபம் அது. ஆனால் தலை துவண்டு அவன் கழுத்தில் சாய்ந்தது.

"இறக்குங்க அத்தான், சனம் பாக்குது."

"கஸ்பாரு, இவரு செத்துட்டாரு."

"வருசா வருசம் சாகுறவருதான அத்தான்."

சந்தியாகு பீடத்துத் திரையைப் பார்த்தான். நாளை இரவு உயிர்த்தெழப்போகிற சுரூபம் வேறு. அது கையில் கொடியோடு திரைக்குப் பின்னால் இப்போதே தயாராக நிற்கிறது. இவரை யாரும் எழுப்பப்போவதில்லை. அடுத்த வருடம்வரை பூட்டிய பெட்டிதான். பெண்கள் மாரடித்துப் பாட, அவன் அவரைப் பெட்டிக்குள் கிடத்தினான். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை பெட்டிச் சாவியோடு குனிந்தார்.

"பூட்டாதீங்க" என்றான் சந்தியாகு.