இறக்கிவைத்த குழம்பு

குழம்புக் கரண்டி அவன் வாயிலிருந்து நேராகச் சட்டிக்குள் போனதை அவள் பார்த்தாள்.

கேமராவும் பார்த்தது.

செஃப் ஜெயசீலன் கண்ணை மூடித் தலையை ஆட்டினான். ஞாயிற்றுக்கிழமைதோறும் டிவியில் ஊர் ஊராகப் போய் ஆட்டுகிற அதே தலையாட்டல். பிறகு அதே கரண்டியால் இன்னொரு கிண்டு கிண்டினான்.

அறுபது பேருக்கான கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு.

மணி பதினொன்று. பன்னிரண்டரைக்குத் தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் சாப்பிட வந்துவிடுவார்கள்.

ஒரு காலத்தில் அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. அடுப்படியில் நிற்கிற பெண்களை டிவியில் 'நீங்க' என்று பேசிய ஆள். அவன் சொன்ன பக்குவத்தில் மல்லி வறுத்துக்கூடப் பார்த்திருக்கிறாள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யார் வீட்டு ரசத்திலோ இதே காரியத்தைச் செய்தான். அன்றோடு சரி.

"அவரு எம்புட்டுப் பெரிய ஆளு. ஒங்களுக்கு மட்டும் ஆகாது யக்கா" என்பாள் கூட வேலை பார்க்கும் சண்முகக்கனி.

"பெரிய ஆளுன்னா வாயில எச்சி ஊறாதா?"

ஆனாலும் வரச் சொன்னாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஏசி ஹோட்டல் வந்த பிறகு உலகம்மாள் மெஸ்ஸில் பாதி இலைகூட விழுவதில்லை. தன் பெயர் போட்ட போர்டு ஒரு தடவை டிவியில் தெரிந்தால் போதும், கூட்டம் திரும்பும் என்று நினைத்தாள். அதற்காகச் சுவருக்கு வெள்ளையடித்தாள்.

இப்போது எல்லோரும் அவள் சிரிப்பதற்காகக் காத்திருந்தார்கள்.

அவள் பிடிதுணியை எடுத்தாள். சட்டியை இறக்கினாள். மூலையில் வைத்து மூடினாள்.

அடுப்பை அணைக்கவில்லை.

"என்னம்மா ஆச்சு?" என்றார் டைரக்டர். "ஷாட் நல்லா வந்திருக்கே."

"எச்சி பட்டுருச்சு. வாரவுகளுக்கு எப்படி ஊத்த?"

"இவ்வளவுதானா? அத எடிட்டிங்ல தூக்கிரலாம்மா."

"டிவியில இருந்து தூக்கிருவீக. சட்டியில இருந்து எப்படித் தூக்குவீக?"

சண்முகக்கனி தரையைப் பார்த்தாள்.

போர்டு டிவியில் வரப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. புதுக் குழம்புக்குக் கத்திரிக்காயை அள்ளிக் கழுவ ஆரம்பித்தாள்.

ஜெயசீலன் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தான். சட்டையில் குத்தியிருந்த மைக்கைக் கழற்றினான்.

"உள்ளி எங்கம்மா இருக்கு?"

டிவியில் அதைச் சாம்பார் ஆனியன் என்பான்.

சண்முகக்கனி கூடையைக் காட்டினாள். அவன் வாளியில் தண்ணீர் பிடித்து உள்ளியைக் கொட்டினான். தரையில் குத்தவைத்து உட்கார்ந்தான். கத்தி கேட்கவில்லை. வால் பக்கமாகக் கட்டைவிரல் நகம் இறங்கியது. ஒரு திருகு. தோல் ஒரு பக்கம், உள்ளி ஒரு பக்கம்.

அடுத்தது.

அடுத்தது.

அவள் நறுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

அவருக்குக் கண் கலங்கவில்லை. மூட்டை மூட்டையாக உரித்தவர்களுக்குத்தான் கண் அப்படிக் காய்ந்து கிடக்கும். எந்த ஹோட்டலின் பின்கட்டு, எத்தனை வருஷம், தெரியவில்லை. அவரும் சொல்லவில்லை.

கேமராக்காரர் மெல்லக் கேமராவைத் தூக்கினார். ஜெயசீலன் நிமிராமலே ஈரக் கையை ஆட்டினார், வேண்டாம் என்று.

புளி கரைத்து ஊற்றும்போது மணி பன்னிரண்டு. அடுத்து சாத்தூரில் ஒரு கடை, ஒன்றரைக்குள் போயாக வேண்டும் என்று டைரக்டர் அவசரப்படுத்தினார். குழம்பு கொதி வரும் முன்பே அவர்கள் கிளம்பும்படி ஆயிற்று.

"எடுத்தவரைக்கும் போட்டுக்கலாம் சார்" என்று டைரக்டர் வேனுக்குப் பக்கத்தில் நின்று சொன்னது அவளுக்குக் கேட்டது.

"அந்தக் கொழம்ப அந்தம்மா யாருக்கும் ஊத்தலையே. எப்படிப் போடுறது?"

ஜெயசீலன் திரும்பி அவளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஏறினார்.

"போச்சு" என்றாள் சண்முகக்கனி. "டிவியும் போச்சு. வெள்ளையடிச்சதும் தெண்டம்."

"சொவரு நம்ம சொவருதான? எலையப் போடு."

பன்னிரண்டரைக்குக் குழம்பு தயாராக இருந்தது.

தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் வந்ததும் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"எங்கக்கா அந்த ஆளு? ஓசியில தின்னுட்டு ஓடிட்டானா?" என்றாள் ஒருத்தி. வரிசையே சிரித்தது.

"அவரு திங்கல" என்றாள் அவள். சொல்லிவிட்டு அடுத்த இலைக்குக் குழம்பு ஊற்றப் போனாள்.

மூன்று மணிக்கு மெஸ் ஓய்ந்தது. சண்முகக்கனி மூலைக்குப் போய், காலையில் இறக்கிவைத்த சட்டியில் கை வைத்தாள்.

"யக்கா, இத மாட்டுத்தொட்டியில ஊத்திட்டு வந்துறவா?"

"இருக்கட்டும்."

அவள் தன் தட்டில் சோறு போட்டுக்கொண்டாள். புதுக் குழம்பு இன்னும் இரண்டு பேருக்கு மிச்சம் இருந்தது.

தட்டோடு மூலைக்கு வந்தாள். மூடியைத் திறந்தாள்.

ஒரு கரண்டி ஊற்றினாள். பிசைந்து வாயில் வைத்தாள்.

சண்முகக்கனி பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவள் இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டாள்.