சாட்சிக் கையெழுத்து

"இனிமே அந்த நோட்டுல அக்கா கையெழுத்து செல்லாதாம்."

கை கழுவும் இடத்தில் தரக்கட்டுப்பாட்டுத் தம்பி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். தூணுக்கு இந்தப் பக்கம் அக்கா டிபன் பாக்ஸோடு நிற்பது அவருக்குத் தெரியாது.

அக்கா என்றால் ஆய்வகத்து அக்கா. ஆஸ்பத்திரிக் கருவிகள் செய்யும் அந்தச் சின்னக் கம்பெனியில் பதினோரு வருடமாகக் குழாய்களைக் கழுவி, அளந்து, சோதித்துக் கொடுப்பவர்.

அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அன்றன்றைக்கு என்ன செய்து பார்த்தோம் என்பதை இன்ஜினியர் ஒரு தடித்த நோட்டில் எழுதுவார். நாளைக்கு யாராவது 'இது எங்கள் யோசனை' என்று வழக்குக்கு வந்தால், இன்ன தேதியிலேயே நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம் என்று காட்ட அந்த நோட்டுதான் ஆதாரம். அதனால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'படித்தேன், புரிந்துகொண்டேன்' என்று எழுதி இன்னொருவர் கையெழுத்துப் போட வேண்டும்.

நான்கு வருடமாக அந்த இன்னொருவர் அக்காதான்.

அவர் சும்மா போட்டுவிட மாட்டார். படிப்பார். புரியாவிட்டால் கேட்பார். எழுதுவதைவிட இவங்களுக்குப் புரியவைக்கத்தான் அதிக நேரம் ஆகிறது என்று இன்ஜினியர் ஒருமுறை முதலாளியிடம் சொன்னார். இன்ஜினியர் வாய் திறப்பதே அபூர்வம். அக்கா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

ஐந்தரை மணிக்கு அந்த நோட்டு தன் பக்கம் திரும்பும் பத்து நிமிடத்துக்காகத்தான் மற்ற நேரத்தையெல்லாம் அவர் ஓட்டினார். பள்ளியோடு நின்றுபோன படிப்பு அந்தப் பத்து நிமிடம் மட்டும் தொடர்ந்தது.

தம்பி அப்படிச் சொன்னதற்கு முதல் நாள் வந்தது வினை.

நோயாளிக்கு ஏற்றும் மருந்து தீர்ந்தால் தானாக அடைத்துக்கொள்ளும் ஒரு குழாயை அப்போது செய்துகொண்டிருந்தார்கள். உள்ளே சின்னதாய் ஒரு மிதவைப் பந்து. மருந்து இறங்க இறங்கப் பந்தும் இறங்கி வாயை அடைக்க வேண்டும். அதுவோ ஈரத்தில் குழாயின் உட்சுவரோடு ஒட்டிக்கொண்டு பாதி வழியில் நின்றுவிடும். ஆறு விதப் பந்துகள் மாற்றியாகிவிட்டது.

பக்கத்தைப் படித்து முடித்த அக்கா சாதாரணமாகக் கேட்டார்.

"பந்தையே மாத்திக்கிட்டிருக்கீங்களே சார். சுவத்துல வரப்பு மாதிரி மூணு கோடு எழுப்பிட்டா ஒட்டாதில்ல?"

இன்ஜினியர் நிமிர்ந்து பார்த்தார். பேனாவோடு இறங்கிய அக்காவின் கைக்கு அடியிலிருந்து நோட்டை இழுத்து மூடினார். எழுந்து போய்விட்டார்.

மறுநாள் முதல் நோட்டு தரக்கட்டுப்பாட்டுத் தம்பியிடம் போனது. அவர் போனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

கம்பெனிக்குப் பேச விஷயம் கிடைத்துவிட்டது. படித்த மனுஷனுக்கே பாடம் எடுத்தால் அப்படித்தான் என்றார்கள் சிலர். காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் நேரம், அக்கா பெயரில் பங்கு கேட்டுவிடுவாரோ என்று இன்ஜினியர் கழற்றிவிட்டார் என்றார் தம்பி.

அக்கா இன்ஜினியரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று தன்னைத்தான் திட்டிக்கொண்டார்.

"கையெழுத்துப் போடறதுக்குத் தனியா சம்பளமாம்மா?" என்று மகள் கேட்டாள்.

"இல்ல."

"அப்புறம் எதுக்கு முகத்தை இப்படி வெச்சிருக்கே?"

அக்கா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனார்.

மூன்று மாதமாக, ஐந்தரை மணியானால் கழுவிய குழாய்களையே மறுபடி கழுவினார். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நோட்டின் நீல அட்டை தெரியும். அந்தப் பந்து என்ன ஆயிற்று? அதைக் கேட்கக்கூட இப்போது உரிமை இல்லை. பார்க்கப் பிடிக்காமல், பேக்கிங் பிரிவுக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமையிலிருந்து போகலாம் என்று உத்தரவும் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை முதலாளி அறைக்குக் கூப்பிட்டார்கள். காப்புரிமை வக்கீல் வந்திருந்தார். இன்ஜினியரும் தம்பியும் நின்றார்கள். மேஜையில் நோட்டு விரிந்திருந்தது.

இந்த நோட்டில் மட்டும் இருநூற்றுப் பதினொரு பக்கம் ஒருவர் சாட்சி, அதற்கப்புறம் வேறொருவர், எதிராளி இதைப் பிடித்துக்கொண்டு குடைவான், என்ன காரணம் என்று வக்கீல் கேட்டார்.

அக்கா முன்னால் வந்தார்.

"தப்பு என்னுதுதான் சார். நான் பேசியிருக்கக் கூடாது."

"காரணம் அந்தப் பக்கத்துலயே எழுதியிருக்கு" என்றார் இன்ஜினியர்.

வக்கீல் பக்கத்தைப் புரட்டி உரக்கப் படித்தார். "சுவரில் மூன்று வரப்பு. இந்த யோசனை என்னுடையதல்ல, இதுவரை சாட்சியாக இருந்தவருடையது. கண்டுபிடித்தவரே சாட்சியாக நிற்க முடியாது என்பதால் இன்று முதல் சாட்சி மாற்றம்."

அதற்குக் கீழே 'படித்தேன், புரிந்துகொண்டேன்' என்று தரக்கட்டுப்பாட்டுத் தம்பியின் கையெழுத்து. அடுத்தடுத்து மூன்று மாதத்துக்கும் அதே கையெழுத்து. தம்பி சன்னல் பக்கம் பார்த்தார்.

இவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றார் முதலாளி.

"ஆயிரம் தடவை ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. பலிக்குமான்னு தெரியாம ஆசை காட்ட மனசு வரல" என்றார் இன்ஜினியர். "நேத்துதான் முடிஞ்சுது. ஒருதடவைகூட ஒட்டல."

வக்கீல் விண்ணப்பத்தை அக்கா பக்கம் திருப்பினார். கண்டுபிடித்தவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. முதல் பெயர் அக்காவுடையது.

"இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா" என்று பேனாவை நீட்டினார்.

அக்கா பேனாவை வாங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விண்ணப்பத்தை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.