கீழ்ப் படுக்கை

"நல்ல வேலையை விட்டுட்டியா? யாரைக் கேட்டுடி விட்டே?"

கவுன்ட்டர்காரர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. ஆயுசு முழுக்க பஸ் நிலையத்தில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் டிக்கெட் கொடுத்தவர். ஓய்வுபெற்றும் தெருவில் அந்தப் பெயர்தான்.

வாசலில் ஒரு பழைய ரொட்டி வேன். அதன் கூரையில் தண்ணீர்த் தொட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள் மகள்.

"இனிமே இதுதான்பா வீடு. கை கால் நல்லா இருக்கும்போதே ஊர் ஊராப் போய்ப் பார்த்துடணும்."

"உழைக்கணும், ரிட்டயர் ஆகணும், அப்புறம்தான் ஊர் சுத்தணும். உழைச்சவங்களுக்குத்தான் அந்த உரிமை!"

"நீங்கதான் ரிட்டயர் ஆயிட்டீங்களே. அம்மாவுக்குக் கடல் காட்டறேன்னீங்க. காட்டிட்டீங்களா?"

"அவ கிளம்பிட்டா அடுப்பை யார் பார்க்கிறது? பேச்சை மாத்தாதே!" என்றவர் உள்ளே திரும்பி, "ஏய், காபி என்னாச்சு?" என்றார்.

காபி வந்தது. சர்க்கரை கம்மி என்றார். டம்ளர் திரும்பிப் போய் மறுபடி வந்தது.

அதைக் குடித்துக்கொண்டே வேனுக்குள் எட்டிப் பார்த்தார். சின்ன அடுப்பு, அலமாரி, மேலே ஒரு படுக்கை. கீழே இன்னொன்று, தலையணையோடு.

"ஒருத்திக்கு எதுக்கு ரெண்டு படுக்கை?"

"துணைக்கு ஒருத்தர் வர்றாங்க."

அவருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"ஓகோ, கதை அப்படிப் போகுதா? யாருடி அவன்?"

"வரும்போது பாருங்க."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பார்க்கிறியா? நான் என்ன காதுல பூ வெச்சவனா?"

உள்ளே பார்த்துக் கத்தினார். "கேட்டியா உன் பொண்ணு லட்சணத்தை? எவனையோ கூட்டிட்டுப் போறாளாம்! எல்லாம் நீ குடுத்த செல்லம். கூப்பிட்டா வரமாட்டே? அங்க என்ன வெட்டி முறிக்கிறே?"

பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது.

மனைவி ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள். தோளில் ஒரு துணிப்பை.

"வழிக்கு மூட்டை வேற கட்டித் தர்றியா? உன்னைச் சொல்லணும்!"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். வேனில் ஏறினாள். பையைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, கீழ்ப் படுக்கையில் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

கவுன்ட்டர்காரருக்கு விஷயம் மண்டையில் ஏறக் கொஞ்ச நேரம் ஆனது.

"நீயா? நீ எங்கடி கிளம்பிட்டே?"

"ரிட்டயர் ஆனாத்தான் ஊர் சுத்தலாம்னு நீங்கதானேங்க சொன்னீங்க?" என்றாள் மனைவி. "இப்பத்தான் அடுப்பை அணைச்சேன். நானும் ரிட்டயர் ஆயிட்டேன்."