ஏழு பேர் சபை

பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து, அமுக்கிப் பூட்டினாள் போதகரின் மனைவி. அவள் அடுத்த பெட்டிக்குப் போவதற்குள் போதகர் அந்தப் பூட்டைத் திறந்துவிட்டார்.

"நான் வரலே. ஏழு ஆட்டை ஓநாய்கிட்ட விட்டுட்டு மேய்ப்பன் ஓடுறதா?"

"ஆடெல்லாம் அதது வீட்ல கதவைச் சாத்திக்கிட்டுப் பத்திரமா இருக்குங்க. நாமதான் ஊரான் ஊர்ல நடுத்தெருவுல நிக்கிறோம். பொம்பளப் புள்ளைய வச்சுக்கிட்டு இப்பப் போயி பிரசங்கம் பண்ணாதீங்க."

அந்த அந்நிய நாட்டில் ராஜாங்கம் கவிழ்ந்து மூன்று நாள் ஆகியிருந்தது. தெருக்கோடியில் பெயர்ப்பலகை இல்லாத மூன்று மாடிக் கட்டடத்துக்குக் கூட்டம் தீ வைத்திருந்தது. கருகிய காகிதங்கள் ஜன்னல் வழியாக வந்து கட்டிலில் விழுந்தன. அது என்ன ஆபீஸ் என்று போதகர் இத்தனை வருஷத்தில் யாரையும் கேட்டதில்லை.

வாசலில் உறுமிக்கொண்டிருந்த தூதரக வண்டியிலிருந்து டிரைவர் இறங்கி வந்தார்.

"ஐயா, இதுதான் கடைசி வண்டி. பன்னிரண்டு மணிக்குப் பாலத்தை மூடிடுவாங்க. பழைய ராஜாங்கத்து ஆளுங்களை வீடு வீடாப் புகுந்து தேடுறாங்க. தேடுறவனுக்கு நீங்க யாரு, நான் யாருன்னு தெரியுமா?"

"ஆண்டவர் ஒன்பது வருஷமா என்னைக் காத்தாரு தம்பி. மத்த ஊழியக்காரங்களை எல்லாம் பிடிச்சு நாடு கடத்தினாங்க. நம்ம வாசப்படியை ஒரு போலீஸ்காரன் மிதிச்சதுண்டா?"

மிதித்ததில்லை. அந்தமட்டும் உண்மைதான்.

ஒன்பது வருஷ ஊழியத்தில் சேர்ந்தது ஏழே பேர். ஆனால் ஏழும் முத்து. கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர்தான் அவர்களில் மூத்தவர். மழையோ காய்ச்சலோ, ஒரு ஞாயிறு தவறமாட்டார்கள். போதகர் வாயைத் திறந்தால் ஏழு பேனாவும் திறக்கும். ஒரு வரி விடாமல் எழுதிக்கொள்வார்கள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அவர் பெயர், ஊர், எத்தனை நாள் தங்குவார் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்வார்கள், ஜெபத்தில் வைப்பதற்கு.

ஏழு தலையும் நோட்டில் கவிழ்ந்திருக்கும் படத்தை சொந்த ஊரிலுள்ள தாய்ச்சபை காலண்டராகவே அடித்து, 'வசனப் பசி' என்று கீழே போட்டது. அந்தக் காலண்டருக்கு அடியில் உட்கார்ந்துதான் தாய்ச்சபையார் பிரசங்க நேரத்தில் தூங்கினார்கள்.

ஒரே ஒரு குறை. ஞானஸ்நானம் என்றால் மட்டும் ஏழு பேரும் நழுவுவார்கள். "இன்னும் கொஞ்சம் கத்துக்கிறோம் ஐயா" என்பார்கள்.

"ஒன்பது வருஷமாவா கத்துக்கிறாங்க? கைக்குழந்தையா வந்த உங்க மகளே நாலாங்கிளாஸ் போயிட்டா" என்றாள் மனைவி.

"அவங்க ஒருத்தரும் பாட்டே பாட மாட்டாங்கம்மா" என்று மகளும் சேர்ந்துகொண்டாள்.

"கூச்சம்" என்றார் போதகர்.

அப்போது பின்கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் கடிகாரக்காரர். அவருக்குப் பின்னால் மற்ற ஆறு பேரும் மதிலோடு மதிலாக ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஆளுக்கொரு துண்டு கையில்.

"ஐயா, எங்களுக்கு ஞானஸ்நானம் வேணும். இப்பவே வேணும்."

போதகருக்குக் கண் நிறைந்துவிட்டது. மனைவி பக்கம் திரும்பினார்.

"பார்த்தியா? ஊரே உயிருக்குப் பயந்து ஓடுது. இவங்க ஆத்துமாவுக்காக ஓடி வந்திருக்காங்க. இவங்களை விட்டுட்டா வரச் சொல்றே? நீயும் பிள்ளையும் கிளம்புங்க."

"உங்களைத் தனியா விட்டுட்டு அங்க போயி நான் யாரு மூஞ்சியில முழிக்கிறது?"

வண்டி மூன்று தடவை ஹாரன் அடித்தது. நாலாவது தடவை அடிக்கவில்லை, போய்விட்டது. இரண்டாவது பெட்டியின் பூட்டை மனைவி தானே திறந்தாள்.

துணி துவைக்கிற தொட்டியில் தண்ணீர் நிரப்பினார்கள். போதகர் ஒவ்வொருவராகப் பிடித்து முக்கி எடுத்தார். கடைசி ஆள் தும்மிக்கொண்டே எழுந்தபோது, பாலத்தை மூடுகிற சங்கு ஊதியது.

சொட்டச் சொட்ட மேசைக்கு வந்த போதகர், ஒன்பது வருஷமாக உறை பிரிக்காமல் வைத்திருந்த ஞானஸ்நான சர்ட்டிபிகேட் புத்தகத்தைப் பிரித்தார். சந்தோஷமாகப் பேனாவைத் திறந்தார்.

"முதல்ல உங்க பேரு. தேதி, இன்னைக்கு..."

கடிகாரக்காரரின் ஈரக் கை பேனாவைப் பிடித்து நிறுத்தியது.

"இன்னைக்குத் தேதி வேண்டாங்கய்யா. ஒன்பது வருஷத்துக்கு முந்தின தேதி போடுங்க. நாங்க அப்பவே விசுவாசிங்கன்னு யாரு வந்து கேட்டாலும் சொல்லுங்க."

"அப்படிச் சொல்றதுக்கு என்ன வந்துச்சு இப்போ?"

கடிகாரக்காரர் ஜன்னலைக் காட்டினார்.

"உங்களை வேவு பார்க்க எங்களை அனுப்பின ஆபீஸ், அதோ எரியுதுங்களே, அதுதாங்கய்யா."